வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை

(வில்லியனூரில் மாணவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, மாணவ நண்பர்களே, அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே,

'வறுமை ஒழிப்பு: அரசின் அணுகுமுறைகள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் இந்தத் தலைப்பில் பேசினால் திட்டத்தின் பெயர், ஒதுக்கீடு, பயனாளிகள் எண்ணிக்கை என்று அடுக்கிவிட்டு இறங்கிவிடலாம். பாகூர், வில்லியனூர் கொம்யூன் சேரிகளிலிருந்து வந்திருக்கிற உங்கள் முன்னால் அப்படிப் பேச முடியாது. ஏனென்றால் நீங்கள்தான் அந்தப் பயனாளிகள். அதனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு திட்டம் சேரிக்குள் வந்த பிறகு, அங்கே இருக்கிற ஒரு பொம்பளை, ஊர்த்தெரு நிலக்காரரைப் பார்த்து, "இந்தக் கூலிக்கு நாளைக்கு உன் வயலுக்கு வரமாட்டேன்" என்று சொல்ல முடிகிறதா, இல்லையா? இதுதான் என் அளவுகோல். இதை வைத்து நாற்பது வருசத் திட்டங்களை அளந்து பார்ப்போம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். திட்டக்குழு 1993-94க்கும் 1999-2000க்கும் வெளியிட்ட வறுமைப் பட்டியலில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் நேராக ஓர் எண் இருக்கும். பாண்டிச்சேரிக்கு நேராக இருந்தது தமிழ்நாட்டின் எண். தமிழ்நாட்டு விகிதமே இதற்கும் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று அடிக்குறிப்பில் எழுதியிருந்தார்கள். நம்ம ஏழையைத் தனியாக எண்ணக்கூட இல்லை. பக்கத்து வீட்டு எண்ணைக் கடன் வாங்கி ஒட்டினார்கள். எண்ணாத ஏழைக்கு என்ன திட்டம் போட முடியும்?

அப்புறம் எண்ணினார்கள். 2011-12 கணக்கில் புதுச்சேரியில் ஏழைகள் 9.69 சதவீதம் என்றார்கள். பிரித்துப் பார்த்தால் நகரத்தில் 6.30, கிராமத்தில் 17.06. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதிலும் கிராமத்துக்கு அவர்கள் கிழித்த வறுமைக் கோடு தலைக்கு மாதம் 1,301 ரூபாய், அதாவது ஒரு நாளைக்கு 43 ரூபாய். 44 ரூபாய் செலவு செய்தால் நீ ஏழை இல்லை. அந்தப் 17 சதவீதத்தில் ஊர் எவ்வளவு, சேரி எவ்வளவு என்று பட்டியலில் கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தப் பிரதேசத்தில் 68 சதவீதம் பேர் நகரவாசிகள். அதனால் மொத்த எண்ணைச் சொன்னாலே நகரம் முன்னால் நிற்கும், பாகூர் பின்னால் மறைந்துபோகும்.

2023-இல் நிதி ஆயோக் வெளியிட்ட பல பரிமாண வறுமை அறிக்கையில் புதுச்சேரியின் எண் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. சந்தோஷம்தான். அவர்கள் எதை எண்ணினார்கள் என்று பாருங்கள். படிப்பு, சத்துணவு, கழிப்பறை, மின்சாரம், சமையல் எரிவாயு, வங்கிக் கணக்கு. இதெல்லாம் வேண்டியதுதான், போராடி வாங்கியதுதான். ஆனால் நிலம் இருக்கிறதா என்ற கேள்வி அதில் இல்லை. என்ன கூலி, யாரிடம் கடன் என்ற கேள்வியும் இல்லை. வங்கிக் கணக்கு இருக்கிறது, அதில் காசு இல்லை. கரண்டு இருக்கிறது, வீட்டு மனைக்குப் பட்டா இல்லை. அந்த அறிக்கைப்படி இவன் ஏழை இல்லை. அரசு வறுமையை ஒரு வீட்டுக்குள்ளே இருக்கிற குறையாகப் பார்க்கிறது. நாம் அதை ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற உறவாகப் பார்க்கிறோம். நிலம் அந்தப் பக்கம், உழைப்பு இந்தப் பக்கம் என்று பிரித்து வைத்த ஏற்பாட்டின் இன்னொரு பெயர்தான் நம்ம வறுமை.

இனி திட்டங்களுக்கு வருவோம். 1980 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் வந்தது. பட்டியல் சாதிக் குடும்பத்துக்குப் பாதி மானியம், பாதி வங்கிக் கடன். எங்கள் தெருவுக்கும் கறவை மாடு வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. காதில் நம்பர் வில்லை மாட்டிய மாடு. வந்த நாளில் தெருவே கூடி நின்று பார்த்தது. அடுத்த நாளிலிருந்து அந்த மாடு எதைத் தின்னும்? வரப்புப் புல் நிலக்காரருடையது. வைக்கோல் நிலக்காரருடையது. அறுப்புக்குப் போனால்தான் வைக்கோல். சொன்ன கூலிக்கு வந்தால்தான் வரப்பில் புல் அறுக்க விடுவார்கள். மாடு வந்ததும் நம்ம சனம் நிலக்காரர் வாசலில் நிற்கிற நேரம் கூடிப்போச்சு. மாடு வற்றியதும் கடன் மட்டும் நின்றது. வங்கிக்காரர் தேடி வந்தார். நிலமில்லாதவனுக்கு மாடு கொடுத்தால் அது நிலக்காரரின் பிடியை இறுக்கும் என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தெரியாமலா இருந்தது?

1999-இல் அந்தத் திட்டத்தை மூடிவிட்டு சுய உதவிக் குழுத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பெண்கள் வெளியே வந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், வங்கிக்குள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தக் குழுக்களின் மேலேயே தனியார் வாரக் கடன் கம்பெனிகள் ஏறி உட்கார்ந்தன. இன்றைக்குச் சேரியில் வாரத் தவணை நாள் எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தவணை இருக்கிற வாரத்தில் எந்தக் கூலிக்கும் போய்த்தான் ஆக வேண்டும். பழைய பண்ணையாரிடம் பட்ட கடன் நம்மை ஒரு வயலில் கட்டிப்போட்டது. வாரக் கடன் எல்லா வயலிலும் கட்டிப்போடுகிறது. என் அளவுகோலில் கடன் கொடுக்கிற எந்தத் திட்டமும் தேறவில்லை.

அடுத்தது அரிசி. நம்ம பிரதேசத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே சிவப்பு அட்டை, மேலே மஞ்சள் அட்டை. 2015 செப்டம்பரில் ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் சோதனையை மத்திய அரசு தொடங்கியபோது, எடுத்துக்கொண்ட இடங்களில் புதுச்சேரியும் ஒன்று. சண்டிகர் இன்னொன்று. மாநில அரசின் இலவச அரிசி விஷயத்திலும் அரிசியா பணமா என்று துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் சண்டை வந்தது. 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பணத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பல வருசம் ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. 2024 அக்டோபரில் தீபாவளியை ஒட்டித்தான் மறுபடி திறந்தார்கள்.

படித்தவர்கள் சிலர், பணம் கொடுத்தால் ஏழைக்குச் சுதந்திரம் வருகிறது, விரும்பியதை வாங்கலாம் என்கிறார்கள். சேரியில் போய்க் கேட்டுப் பாருங்கள். அரிசி வீட்டுக்குள் வந்தால் அது உலைக்குப் போகும். பணம் கணக்குக்கு வந்தால் எந்த நாள் வந்தது என்று தெரிந்துகொள்ளவே ஒரு நாள் கூலி போகும். வந்த பணத்தைக் கடன்காரன் பார்ப்பான், குடிக்கிற புருஷன் பார்ப்பான். கடை அரிசி விலை ஏறினால் பணம் கூடவே ஏறாது. வீட்டில் மூட்டையில் அரிசி இருக்கிற பொம்பளை, "இந்த வாரம் வரலை, போ" என்று சொல்கிறாள். நான் கேட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கு அரிசி என்பது தானம் இல்லை தோழர்களே, அது பேரம் பேசுகிற பலம். கீழவெண்மணியில் கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்ட போராட்டத்தில் 44 உயிர்களை 1968-இல் எரித்தார்கள். அரைப்படி நெல்லுக்கு எவ்வளவு அரசியல் இருக்கிறது என்று நிலக்காரர்களுக்குத் தெரியும். நம்ம பொருளாதார அறிஞர்களுக்குத்தான் தெரியவில்லை.

2023 ஜனவரியில் வேறு எந்த அரசு உதவியும் வாங்காத சிவப்பு அட்டைக் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தொடங்கினார்கள். 2025 பட்ஜெட்டில் அதை 2,500 ஆக்குவதாக அறிவித்தார்கள். பெண்கள் பெயரில் வருவது நல்லது. வாங்குங்கள், விடாதீர்கள். ஆனால் 1,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 33 ரூபாய். ஒரு நாள் நடவுக்குப் போகாமல் இருக்க அது போதுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது நூறு நாள் வேலை. என் அளவுகோலில் தேறிய திட்டம் இது ஒன்றுதான். 2005-இல் சட்டம் வந்தது, 2008 ஏப்ரலில் நம்ம பக்கம் வந்தது. இது சலுகையாக வரவில்லை, சட்டப்படியான உரிமையாக வந்தது. கேட்டால் வேலை கொடுக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. 2025-26-இல் நமக்கு ஒரு நாளைக்கு 336 ரூபாய் என்று வைத்தார்கள். இந்தப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த நாட்களின் சராசரி நூறில் பாதியைக்கூட எட்டியதில்லை. அப்படியிருந்தும் ஊர்த்தெருவில் எவ்வளவு கோபம் வந்தது? "நூறு நாள் வேலை வந்து ஆளுங்க சோம்பேறி ஆயிட்டாங்க", "நடவுக்கு ஆள் கிடைக்கலை", "மரத்தடியில உட்கார்ந்து சம்பளம் வாங்குறாங்க" என்று டீக்கடை முழுக்கப் பேச்சு. மாட்டுக் கடன் கொடுத்தபோது இந்தக் கோபம் வரவில்லை. ஏன்? மாடு நம்மை அவர்களிடம் அனுப்பியது. ஏரி வேலை நம்மை அவர்களிடம் போகவிடாமல் நிறுத்தியது. ஒரு திட்டம் உண்மையில் வேலை செய்கிறதா என்று தெரிய, புள்ளிவிவரம் பார்க்க வேண்டாம். அதைப் பார்த்து யாருக்கு எரிகிறது என்று பாருங்கள்.

இதற்குள்ளும் சாதி வந்தது. 2021-இல் இந்தத் திட்டத்தின் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று மூன்றாகப் பிரித்துப் போடச் சொல்லி மத்திய அரசு உத்தரவு போட்டது. ஒரே ஏரியில் ஒரே நாளில் மண் வெட்டியவர்களில் ஒருத்தருக்குக் கூலி முன்னால் வந்தது, இன்னொருத்தருக்குப் பின்னால் வந்தது. எதிர்ப்புக் கிளம்பி அந்த வருசமே அதைக் கைவிட்டார்கள். அப்புறம் போட்டோ எடுத்து வருகைப்பதிவு, ஆதாரோடு இணைத்தால்தான் கூலி என்று ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள்.

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். 'வி.பி.-ஜி ராம் ஜி' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நூறு நாள் 125 நாள் ஆகிறது என்று சொன்னார்கள். மாணவ நண்பர்கள் அந்தச் சட்டத்தை முழுக்கப் படிக்க வேண்டும். அதில் விதைப்பும் அறுப்பும் மும்முரமாக நடக்கிற காலத்தில் வருசத்துக்கு மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்க ஏற்பாடு இருக்கிறது. எதற்கு? விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காக. நிலக்காரருக்கு நம்ம கை தேவைப்படுகிற காலம் அதுதான். நாம் கூலியை உயர்த்திக் கேட்கக்கூடிய காலமும் அதுதான். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் பார்க்கிற பாகூரில், எந்த அறுபது நாள் என்பதை யார் முடிவு செய்வார்கள்? பேரம் பேசுகிற நாளில் வேலையை மூடிவிட்டு, வயலில் வேலை இல்லாத நாளில் 125 நாள் தருகிறேன் என்றால், 'வரமாட்டேன்' என்ற சொல்லை நம்ம வாயிலிருந்து சட்டம் போட்டு எடுக்கிறார்கள் என்று அர்த்தம். முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது. இந்தச் சட்டத்தில் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதம் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் டில்லியைப் பார்த்து நிற்கிற புதுச்சேரி மாதிரி ஒரு பிரதேசத்தில், கையில் காசில்லை என்ற பதில்தான் முதலில் வரும்.

சரி, இவ்வளவுக்கும் அடியில் இருப்பது நிலம். தமிழ்நாட்டுத் தோழர்கள் பஞ்சமி நிலம் பற்றிப் பேசுவார்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் 1891 அறிக்கை, 1892 அரசாணை, 1994-இல் காரணையில் நடந்த துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர்ப்பலி எல்லாம் நமக்குத் தெரியும். அவர்களுக்கு மீட்பதற்கு ஒரு நிலமாவது ஏட்டில் இருக்கிறது. நாம் அப்போது பிரெஞ்சிந்தியா. சென்னை மாகாண ஆணை வில்லியனூருக்கு வராது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துச் சேரிக்காரன் பஞ்சமி நிலம் கேட்கலாம், இந்தப் பக்கத்துச் சேரிக்காரன் கேட்க முடியாது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் பேசிய அரசு நமக்குச் சேரியைச் சேரியாகவே விட்டுவிட்டு 1954-இல் கப்பலேறியது.

அதற்குப் பிறகு புதுச்சேரிக்கும் நில உச்சவரம்புச் சட்டம் 1973-இல் வந்தது. குடியிருப்பில் இருப்பவருக்கே அந்த மனையைச் சொந்தமாக்கும் சட்டமும் அதே வருசம். குடியிருப்புச் சட்டத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மனை நிலக்காரருடையதாக இருந்தால், வேலைக்கு வரமாட்டேன் என்கிற அன்றைக்கே குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். அதனால்தான் கல்வீட்டுத் திட்டத்தில் வீடு கட்ட மானியம் கேட்பதற்கு முன்னால் மனைப் பட்டா கேட்க வேண்டும் என்கிறேன். பட்டா இல்லாதவனுக்கு அந்த மானியமும் எட்டாக்கனி.

விவசாயிக்கு என்று அரசு கொடுக்கிற எதுவும் நம்ம கைக்கு வராது. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரமோ சலுகை மின்சாரமோ, பயிர்க்கடன் தள்ளுபடியோ, பயிர்க் காப்பீடோ எல்லாம் பட்டாவைப் பார்த்துத்தான் வரும். 1999-இல் தொடங்கி ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைச் சீர்செய்தார்கள். நல்ல வேலை. ஏரி நிறைந்தால் நிலத்தடி நீர் ஏறும், எல்லாருக்கும் நல்லதுதான். ஆனால் பாகூர் ஏரித் தண்ணீர் மதகு திறந்து எந்த வயலுக்குப் பாய்கிறதோ அந்த வயலின் விலைதான் ஏறும். அந்த வயலில் நாம் கூலி. அங்கேயும் கதிர் அறுக்கிற மிஷின் வந்த பிறகு அறுப்புக் கூலி போய்விட்டது. நடவும் களையும்தான் மிச்சம், அதுவும் பெண்களுக்கு.

வேலை தருகிறோம் என்று எடுத்த நிலத்தின் கதையையும் பார்ப்போம். வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டு, கரசூர் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு என்று 700 ஏக்கருக்கு மேல் எடுத்தார்கள். தொழிற்சாலை வராமல் வருசக்கணக்கில் சும்மா கிடந்தது. அன்றைக்கு நடைமுறையில் இருந்தது 1894-ஆம் வருசத்து நில எடுப்புச் சட்டம். அதன்படி இழப்பீடு பட்டாதாரருக்கு. அந்த மண்ணில் தலைமுறையாக நாற்று நட்டவர்களைப் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று சட்டம் ஒத்துக்கொண்டதே 2013-இல்தான். நிலம் இருந்தவனுக்குப் பணம் வந்தது. நிலம் இல்லாதவனுக்கு இருந்த வேலையும் போனது. சமத்துவமின்மை எப்படி வளருகிறது என்று மாணவர்கள் ஆராய்ச்சி செய்ய வேறு எங்கேயும் போக வேண்டாம்.

இங்கே ஒரு கேள்வி வரும். "ஏழை எல்லா சாதியிலும்தானே இருக்கான், நீங்க ஏன் வறுமைக்குள்ள சாதியைக் கொண்டு வர்றீங்க?" நியாயமான கேள்வி. ஊர்த்தெருவிலும் நிலமில்லாதவர்கள் இருக்கிறார்கள், நூறு நாள் வேலையில் நம்மோடு கூடையைத் தூக்குகிறார்கள். கூலிப் போராட்டத்தில் அவர்களைக் கூப்பிட வேண்டும், நான் கூப்பிடுகிறேன். ஆனால் அவர்களுக்கு ஊரில் கோயில் இருக்கிறது, பஞ்சாயத்தில் சொல் இருக்கிறது, குத்தகைக்கு நிலம் கேட்டால் கிடைக்கிறது. கஷ்டம் வந்தால் சொந்தக்காரர் ஒருத்தர் நிலம் வைத்திருக்கிறார். நம்ம சொந்தக்காரர் எல்லாரும் நம்மைப் போலவே கூலி. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் கையில் இருக்கிற சாகுபடிப் பரப்பு 9 சதவீதத்துக்கும் கீழே. நாம் மக்கள்தொகையில் 16 சதவீதத்துக்கும் மேலே. இந்த இடைவெளியைச் சாதி என்று சொல்லாமல் வேறு என்ன பெயர் சொல்வது? அண்ணல் அம்பேத்கர் 1947-இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்று எழுதிக் கொடுத்த திட்டத்தில், விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும், சாதி பார்க்காமல் கிராமத்தாருக்குக் கூட்டாகப் பயிரிடக் கொடுக்க வேண்டும், நிலக்காரர், குத்தகைதாரர், நிலமற்ற கூலி என்ற பிரிவே இருக்கக் கூடாது என்றார். மானியம் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. உறவை மாற்றுங்கள் என்றார்.

அரசிடம் பணம் இல்லையா? 1979-80-இல் சிறப்புக் கூறுத் திட்டம் கொண்டுவந்தார்கள். மக்கள்தொகை விகிதப்படி திட்ட நிதியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்க வேண்டும், வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது என்பது அதன் அடிப்படை. புதுச்சேரியில் நாம் 2011 கணக்குப்படி 15.7 சதவீதம், ஏறக்குறைய 2 லட்சம் பேர். தில்லியும் நம்மைப் போல ஒரு யூனியன் பிரதேசம்தான். அங்கே இந்தப் பணத்தை 2010 காமன்வெல்த் விளையாட்டுக்குத் திருப்பியதை நாடாளுமன்றத்திலேயே ஒத்துக்கொண்டார்கள். பொதுவாகப் போடுகிற சாலையில் நம்ம பங்கு இவ்வளவு என்று காகிதத்தில் எழுதிக் காட்டுவது நாடு முழுக்க நடக்கிறது. இதைத் தடுக்க ஆந்திரமும் கர்நாடகமும் 2013-இல் சட்டம் போட்டன, தமிழ்நாடு 2024-இல் போட்டது.

கேட்க வேண்டிய இடத்தில் நம்ம ஆள் இல்லை என்பதும் காரணம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அடுத்தது 2006-இல். நடுவில் 38 வருசம். ஒரு தலைமுறையே பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்றுவிட்டது. 2011-இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. 2021-இல் தேதி அறிவித்து, இடஒதுக்கீட்டுச் சிக்கலில் நீதிமன்றம் வரை போய் நின்றுவிட்டது. தேர்தல் நடந்தால் சேரிப் பொம்பளை கொம்யூன் பஞ்சாயத்தில் நாற்காலி போட்டு உட்காருவாள். தேர்தல் இல்லையென்றால் யார் பயனாளி என்பதை எம்.எல்.ஏ. வீட்டுத் திண்ணை முடிவு செய்யும். உரிமை அங்கே உபகாரமாகிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

1. கிராம வேலையை நிறுத்தும் நாட்களை விவசாயத் தொழிலாளர்களைக் கேட்காமல் அறிவிக்கக் கூடாது. நிறுத்துகிற நாட்களில் வயல் கூலி அரசு வேலைக் கூலிக்குக் குறையக் கூடாது.

2. உச்சவரம்பில் எடுத்த நிலம், புறம்போக்கு, எடுத்துவிட்டுச் சும்மா போட்ட நிலம் எல்லாவற்றுக்கும் கொம்யூன் வாரியாகப் பட்டியல் வெளியிட வேண்டும். நிலமற்ற தலித் பெண்கள் குழுக்களுக்குக் கூட்டுச் சாகுபடிக்குக் கொடுக்க வேண்டும்.

3. குடியிருக்கும் மனைக்குப் பெண் பெயரில் பட்டா.

4. அரிசி அரிசியாகவே வர வேண்டும்.

5. சிறப்புக் கூறு நிதிக்குப் புதுச்சேரியிலும் சட்டம் வேண்டும். இடஒதுக்கீட்டோடு உள்ளாட்சித் தேர்தல் வேண்டும்.

மாணவர்களுக்குத் தனியாக ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டம் 2005-இலிருந்து கையில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு கிராமம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை குடும்பத்துக்கு எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், மனைப் பட்டா இல்லாதவர்கள் எத்தனை பேர், புறம்போக்கு யார் கையில் இருக்கிறது என்று மனு போடுங்கள். வந்த பதிலைச் சேரியில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். அரசு ஒரு காலத்தில் நம்மை எண்ணாமல் விட்டது, இப்போது எண்ணுவதிலும் நிலத்தையும் கூலியையும் விட்டுவிடுகிறது. அதை நாமே எண்ணுவோம். அடுத்த நடவுக்கு முன்னால் பாகூரிலும் வில்லியனூரிலும் ஒவ்வொரு சேரியும் உட்கார்ந்து இந்த வருசக் கூலி இவ்வளவு என்று சேர்ந்து முடிவு செய்யட்டும். ஒருத்தி தனியாக வரமாட்டேன் என்று சொன்னால் அவள் அடுப்பு அணையும். சேரியே சொன்னால் நிலக்காரர் பேச வருவார்.